வீதியோரக் கேள்விகள்: பொலிஸ் நிற்கிறது என்று லைற் அடித்துக் காட்டலாமா?

கேள்வி: நான் கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒவ்வொரு நாளும் ஹயஸ் வான் ஓட்டுகிறவன். கைதடியிலோ நாவற்குழிப் பாலம் கழிந்தோ ஸ்பீட் கன்னுடன் பொலிஸ் நின்றால், எதிரே வருகிற எல்லாருக்கும் இரண்டு தரம் லைற் அடித்துக் காட்டுவேன். எனக்கும் மற்றவர்கள் அப்படித்தான் காட்டுகிறார்கள். போன கிழமை மனைவி முன்சீற்றில் இருந்தா. "அவன் ஆரெண்டே தெரியாது, அவனை ஏன் காப்பாத்துறியள்?" என்று கேட்டா. லைற்றைக் கண்டதும் அவன் மெதுவாகத்தானே போகிறான்? பொலிசுக்கும் அதுதானே வேண்டும்? இதில் என்ன பிழை?
— வான் சாரதி, கொடிகாமம்

பதில்: தம்பி, உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. அதை என்னிடம் அந்த நாளில் ஒருவரும் கேட்கவில்லை.

நானும் லைற் அடித்தவன்தான். இருபத்திரண்டு வருடம் சாரதிப் பயிற்சி கொடுத்தேன். எல் போட் போட்ட காரில், பழக வந்த பிள்ளை பக்கத்தில் இருக்கும்போதே எதிரே வருகிறவர்களுக்கு அடித்துக் காட்டியிருக்கிறேன். அதை ஒரு நல்ல பழக்கம் என்றே நினைத்திருந்தேன். 2013இல் ஒரு நாள் நெல்லியடியில் ஒரு தேநீர்க் கடைக்குள் போனேன். முன்பு என்னிடம் பழகிய ஒரு பொடியன் எழும்பி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "போன ஞாயிறு வல்லை வெளியில லைற் அடிச்சது நீங்கள்தானே சேர்? காரைக் கண்டு பிடிச்சிட்டன். பெரிய உபகாரம். கலியாண வீட்டால வந்தனான், நல்ல குடிவெறி. அக்காவின்ர பிள்ளையள் மூண்டும் பின்னுக்கு. மறிச்சிருந்தா லைசன்ஸ் போயிருக்கும்" என்றான். என்னுடைய பிளேன்ரீக்கும் அவனே காசு கொடுத்துவிட்டான்.

விபத்து ஒன்றும் நடக்கவில்லை. அவன் வீடு போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளைகளும் சுகம். ஆனால் அந்தத் தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. பொலிஸ் நின்றது ஆவரங்கால் பக்கத்தில். அதைத் தாண்டினால் புத்தூர், நீர்வேலி, கோப்பாய், இருபாலை. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த றோட்டில் எத்தனை பேர் சைக்கிளில் போவார்கள் என்று உங்களுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவனை மறித்து இறக்கியிருக்கக்கூடிய ஒரே ஆள் அங்கே நின்ற பொலிஸ்காரர். அவரிடம் இருந்து அவனைத் தப்ப வைத்தது என் கை. ஓட்டப் பழக்கியதும் அதே கைதான். அன்றோடு நிறுத்தினேன்.

உங்கள் வாதத்துக்கு வருகிறேன். அதில் ஒரு நியாயம் இருக்கிறது, தட்டிவிட மாட்டேன். லைற்றைக் கண்டவன் மெதுவாகப் போகிறான், உண்மை. எவ்வளவு தூரத்துக்கு? நீங்களே கண்ணாடியில் பார்த்திருப்பீர்கள். பொலிஸ் நிற்கிற இடம் வரை நாற்பதில் உருட்டுவான். தாண்டிய பிறகு ஒரு வளைவு, அதோடு பழைய வேகம். சில பேர் போன நேரத்தைப் பிடிக்க இன்னும் கூட்டுவார்கள். உங்கள் லைற் அவனுக்கு இரண்டு செய்தி சொல்கிறது. ஒன்று, இங்கே மெதுவாகப் போ. மற்றது, இதைத் தாண்டினால் ஒருவரும் இல்லை. அவன் கெட்டியாகப் பிடித்துக்கொள்வது இரண்டாவதைத்தான்.

லைற்றே அடிபடாத ஒரு றோட்டை நினைத்துப் பாருங்கள். சாவகச்சேரியில் நிற்கிறார்களா, நுணாவிலில் நிற்கிறார்களா, கைதடியிலா, ஒன்றும் தெரியாது. தெரியாதபோது சாவகச்சேரியிலிருந்து யாழ்ப்பாணம் வரை காலை அளந்துதான் வைக்க வேண்டும். ஒரு ஸ்பீட் கன் அவ்வளவு தூரத்துக்கும் வேலை செய்கிறது. நாங்கள் லைற் அடித்து அதை முந்நூறு மீற்றராகச் சுருக்கிவிடுகிறோம்.

வேகத்தைப் பற்றி வகுப்பில் நான் கரும்பலகையில் போட்டுக் காட்டுகிற ஒரு கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். மணிக்கு 50 கிலோமீற்றர் என்றால் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 14 மீற்றர் போகிறீர்கள். 70 என்றால் 19 மீற்றருக்கு மேல். முன்னுக்கு ஒரு பிள்ளை குறுக்கே ஓடுகிறது. கண் கண்டு கால் பிரேக்குக்குப் போக ஒரு விநாடி என்று வையுங்கள். றோட்டும் காய்ந்திருக்கிறது, பிரேக்கும் திறம். 50இல் வந்தவர் 28 மீற்றரில் நிறுத்திவிடுவார். 70இல் வந்தவருக்கு 46 மீற்றர் வேண்டும். இது எல்லாருக்கும் விளங்கும். அடுத்ததுதான் பிள்ளைகள் நம்ப மறுக்கிறது: 50இல் வந்தவர் முற்றாக நின்றுவிட்ட அதே இடத்தை 70இல் வந்தவர் தாண்டும்போது அவருடைய வேகம் இன்னும் 58 கிலோமீற்றர் அளவில் இருக்கும். இருபதுதான் கூட என்று நினைக்கிறோம். அந்தப் பிள்ளை நிற்கிற இடத்தில் வித்தியாசம் பூச்சியத்துக்கும் 58க்கும். காரின் முன்பக்கம் மோதினால் நடந்து போகிறவர் சாகிற ஆபத்து, 50இல் இருந்து 65க்குப் போகும்போது நாலரை மடங்கு கூடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஊர்மனைக்குள் கார், வான், மோட்டார் சைக்கிளுக்கு 50 என்றும் வெளியில் 70 என்றும் போட்டிருப்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள்.

எங்கள் ஆட்களுக்கு இது ஏன் பிடிபடவில்லை என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. யுத்தம் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே ஓடிய ஒஸ்ரின் கார்களும் மொறிஸ் கார்களும் மண்ணெண்ணெயில் ஓடியவை. சொட்டுப் பெற்றோல் காட்டி ஸ்ராட் பண்ணி, புகையைக் கக்கிக்கொண்டு போகும். றோட்டு முழுக்கக் குழி. அந்தக் குழிகளே எங்களை மெதுவாகப் போக வைத்தன. யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு சில வருடத்துக்குள் கண்டி வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி எல்லாம் காப்பெற் போட்டார்கள். லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வந்தது. வேகத்தையே காணாமல் வளர்ந்த ஒரு சனத்தின் கையில் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தது. பழகுவதற்கு ஒரு தலைமுறை அவகாசம் கிடைக்கவில்லை.

லைற் அடிக்கிற பழக்கத்துக்கும் இங்கே ஒரு வேர் இருக்கிறது. அதை மதிக்காமல் என்னால் பேச முடியாது. 1997இல் நான் சைக்கிளில் கோப்பாய்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். ஆமி ஊரைச் சுற்றிவளைத்து ஆட்களைப் பிடிக்கிற காலம் அது, அதைத்தான் ரவுண்டப் என்போம். எதிரே சைக்கிளில் வந்த வயதுபோன ஒருவர், நிற்காமலே, வாயை அதிகம் திறக்காமலே, "முன்னுக்கு ரவுண்டப், திரும்பிப் போங்கோ" என்று சொல்லிக்கொண்டு போனார். அவர் ஆர் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்று திரும்பினேன், வீடு வந்தேன். முன்பின் தெரியாத ஆளுக்குச் சொல்லிவிட்டுப் போவதை எங்கள் சனம் அப்படித்தான் பழகியது. எத்தனையோ தாய்மாருக்குப் பிள்ளை மிஞ்சியது அந்தப் பழக்கத்தால். காக்கிச் சட்டையைக் கண்டதும் கை தானாக லைற் சுவிச்சுக்குப் போவது அந்த ஞாபகம்தான் என்று நான் நம்புகிறேன்.

ஆனால் தம்பி, அந்தப் பெரியவர் என்னைக் காப்பாற்றியது எனக்கு வரவிருந்த ஆபத்தில் இருந்து. நீங்கள் லைற் அடித்துக் காப்பாற்றுவது ஒரு தண்டப் பத்திரத்தில் இருந்து. ஆபத்து அந்த வாகனத்தோடு உங்களைக் கடந்து கொடிகாமம் பக்கம் போகிறது. அங்கே உங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும். நீங்கள் லைற் அடிக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் நல்ல மனிதராக இருக்கலாம். பத்தாவது ஆள் வெறியில் வருகிறாரா, களவெடுத்த மோட்டார் சைக்கிளில் வருகிறாரா என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரியாது. மனைவி கேட்டதும் அதுதான். அடிக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் வீதியில் பொலிசார் மதிலோரம் மரத்துக்குப் பின்னால் ஒளித்து நிற்கிறார்கள். வேக அறிவிப்புப் பலகையை வேப்பமரக் கொப்பு மறைத்திருக்கிறது. என் கணவருக்குத் தண்டம் எழுதிவிட்டார்கள். இப்படிப் பொறி வைத்துப் பிடிக்கிறவர்களைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்வதும் பிழையா?
— ஆசிரியை, சுன்னாகம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ரீச்சர். பலகை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தண்டம் எழுதினால், மக்கள் அதைப் பாதுகாப்பு என்று நினைக்க மாட்டார்கள். காசு சேர்க்கிற வேலை என்றுதான் நினைப்பார்கள். அந்த நினைப்பு ஒரு தரம் விழுந்தால் பொலிசார் பள்ளிக்கூட வாசலில் நிற்கிற நாளிலும் சனம் லைற் அடிக்கும். காலை ஏழரைக்கும் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்திலும் வாசலில், எல்லாரும் காணும்படி ஒருவர் நின்றாலே வேகம் குறையும். வெட்டவெளியில் மரத்துக்குப் பின்னால் நின்று பத்துப் பேருக்கு எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல். என் மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன், பொலிசாரும் இதை வாசிக்கட்டும்.

அதற்காக லைற் அடிப்பது வழி ஆகாது. பலகை மறைந்திருப்பதைப் படம் எடுங்கள். பிரதேச சபைக்கும் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள். பத்துப் பெற்றோர் கையெழுத்து வைத்தால் இன்னும் நல்லது. கொப்பை வெட்டிவிட்டால் அந்தப் பலகை இரவும் பகலும் எல்லாருக்கும் எச்சரிக்கை செய்யும். உங்கள் லைற் ஒரு நிமிடம் ஒருவருக்குத்தான் செய்யும். பிரித்தானியாவில் நிலையாகப் பூட்டிய வேகக் கமராக்களுக்கு மஞ்சள் நிறம் பூசி, தூரத்திலேயே தெரியும்படி வைத்திருக்கிறார்கள். அந்த மாதிரி எச்சரிக்கைக்கு நான் முழு ஆதரவு.

அப்புறம் இன்னொன்று. கணவரை இனி மறித்தால், கருவியில் விழுந்த வேகத்தைக் காட்டும்படி மரியாதையாகக் கேட்கச் சொல்லுங்கள். கையில் காசு கொடுக்கவே வேண்டாம். தண்டப் பத்திரத்தை வாங்கி, 14 நாளுக்குள் தபாலகத்தில் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி லைசன்சை எடுக்கட்டும். வீதியோரத்தில் கைமாறுகிற ஒவ்வொரு ஆயிரம் ரூபாயும் அடுத்த நாள் அந்த மரத்துக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தி வைக்கும்.

கேள்வி: ஊரில் என் மருமகன் ஒரு வைபர் குழுவில் இருக்கிறான். எந்தச் சந்தியில் பொலிஸ் நிற்கிறது என்று காலையில் இருந்து இரவு வரை அதில் செய்தி. நான் இருக்கிற சுவிஸில் இப்படிச் செய்தால் தண்டம். ஊரில் ஏன் இதை ஒரு சேவை மாதிரிப் பார்க்கிறார்கள்?
— வாசகர், சூரிச்

பதில்: நீங்கள் சொல்வது சரி. சுவிஸில் வீதிச் சோதனையைப் பற்றிப் பகிரங்கமாக எச்சரிப்பது 2013இல் இருந்து தனியான ஒரு குற்றம். பிரான்சில் வழிகாட்டும் செயலிகள் கமரா நிற்கிற இடத்தைத் துல்லியமாகக் காட்டக்கூடாது. "ஆபத்தான பகுதி" என்று ஒரு நீளமான துண்டாகத்தான் காட்டலாம். குடிபோதைச் சோதனை நடக்கிற இடத்தை அந்தச் செயலிகளில் சில மணி நேரம் மறைத்து வைக்கவும் 2021இல் வழி செய்தார்கள். வேகச் சோதனையையும் குடிச் சோதனையையும் அவர்கள் பிரித்துப் பார்த்தது எனக்குப் பிடித்திருக்கிறது. அமெரிக்காவில் வேறு மாதிரி: 2014இல் மிசூரியில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம், எதிரே வருகிறவருக்கு லைற் அடித்துக் காட்டுவது பேச்சுரிமைக்குள் வரும் என்று எடுத்துக்கொண்டது. உரிமை என்று கேட்டால் அதிலும் ஒரு நியாயம் இருக்கலாம். உரிமை இருக்கிறது என்பதற்காக ஒன்றைச் செய்தே ஆக வேண்டுமா என்பது நாங்கள் எங்களையே கேட்க வேண்டிய கேள்வி.

இந்த ஆசை புதியதும் இல்லை, எங்களுக்கு மட்டும் உரியதும் இல்லை. இலண்டனில் இருக்கிற என் தங்கையின் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அங்கே வீதியில் கார் நின்றுபோனால் உதவிக்கு வருகிற ஏ.ஏ. என்ற பெரிய சங்கம், 1905இல் தொடங்கப்பட்டதே பொலிசின் வேகப் பொறிகளைப் பற்றி உறுப்பினர்களுக்குச் சொல்வதற்காகத்தானாம். அவர்களுடைய ஆட்கள் சைக்கிளில் றோட்டுகளில் சுற்றுவார்கள். 1910இல் நீதிமன்றம், வேகமாக வருகிறவருக்கு இப்படிச் சைகை காட்டுவது பொலிசாரின் கடமைக்குத் தடை என்று தீர்ப்புச் சொன்னது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: சங்கத்தின் சின்னம் பூட்டிய காரைக் கண்டால் அந்த ஆள் சல்யூட் அடிப்பார். ஒரு நாள் அடிக்காவிட்டால், காரை நிறுத்தி ஏன் என்று கேட்க வேண்டும். சல்யூட் இல்லாததே எச்சரிக்கை. இன்று அதே சங்கத்தை மக்கள் வேறு வேலைக்காக நம்புகிறார்கள்.

உங்கள் மருமகனுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். அந்தக் குழுவில் நூறு பேர் இருந்தால், நூறு பேரும் ஒவ்வொரு நாளும் றோட்டைப் பார்க்கிறார்கள். அது பெரிய வசதி. மழைக்கு எந்தப் பாலத்தில் தண்ணீர் நிற்கிறது, எந்தக் கடவையில் சிக்னல் வேலை செய்யவில்லை, எங்கே மின்கம்பம் சரிந்திருக்கிறது என்று அதில் போடட்டும். 2014இல் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபோது கைதட்டி வரவேற்றோம். இடையில் கால் நூற்றாண்டு ரயிலே இல்லாததால் தண்டவாளத்தைக் கடக்கும்போது இரண்டு பக்கமும் பார்க்கிற பழக்கம் சனத்துக்கு விட்டுப்போயிருந்தது. காவலாளி இல்லாத கடவைகள் எங்கெங்கே என்று அந்த நூறு பேரும் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டால், நான் அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவேன்.

கேள்வி: கனடாவில் இருந்து விடுமுறைக்கு வந்தேன். ஒழுங்கையில் இருந்து காரை வெளியே எடுக்க நின்றபோது எதிரே வந்த லொறி லைற் அடித்தது. வழி விடுகிறார் என்று எடுத்தேன். மயிரிழையில் தப்பினேன். லைற் அடித்தால் என்னதான் அர்த்தம்?
— வாசகி, ரொறன்ரோ

பதில்: தங்கச்சி, அங்கே பெரும்பாலும் "நீ போ". இங்கே "நான் வாறன், நில்". இந்த ஒரு வித்தியாசத்தை விமானத்தில் இருந்து இறங்குகிற ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டும். ஊரில் லைற் அடித்தால் நில்லுங்கள். எதிரே வருகிறவர் உண்மையிலேயே வேகத்தைக் குறைத்து நின்ற பிறகு, கையாலும் காட்டிய பிறகு எடுங்கள். ஒரே லைற்றுக்கு வழி விடு, பொலிஸ் நிற்கிறது, மாடு நிற்கிறது, உன் கதவு திறந்திருக்கிறது என்று இத்தனை அர்த்தம் வைத்திருந்தால் யாருக்கு விளங்கும்? பொலிசுக்காக அடிப்பதை விட்டால் ஒன்றாவது குறையும்.

கேள்வி: அப்படியென்றால் லைற்றே அடிக்கக் கூடாதா? இரவில் ஆனையிறவுக்கும் பரந்தனுக்கும் இடையில் மாடுகள் றோட்டில் படுத்திருக்கின்றன. பார்த்துக்கொண்டு பேசாமல் போவதா?
— லொறிச் சாரதி, கிளிநொச்சி

பதில்: அண்ணை, அதற்கு அடியுங்கள். கட்டாயம் அடியுங்கள். மாடு, விழுந்த மரம், விபத்து, றோட்டில் கொட்டிய ஒயில், உடைந்து நிற்கிற வாகனம், இதற்கெல்லாம் முன்னால் வருகிறவருக்குச் சொல்லாமல் போவது பாவம். ஆனால் நீட்டுக்கு ஹை பீமைப் போட்டு வைக்காதீர்கள். எதிரே வருகிறவரின் கண் கூசினால் அவருக்குக் கறுத்த எருமை தெரியவே தெரியாது. டிம்மில் வைத்து இரண்டு தரம் சின்னதாக அடித்து, ஹசாட் லைற்றையும் போட்டு, கையை வெளியே விட்டுக் கீழ்நோக்கி அசையுங்கள். கையசைப்பு எங்கள் றோட்டில் எல்லாருக்கும் விளங்கும். உங்களுக்குப் பின்னால் வருகிறவருக்கு பிரேக்கை மெல்லத் தட்டிக் காட்டுங்கள். லொறிக்குப் பின்னால் வருகிறவருக்கு முன்னால் கிடக்கிற மாடு தெரியாது.

விபத்து என்றால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். காயப்பட்டவரைத் தூக்கி முச்சக்கர வண்டியில் மடித்துப் போட அவசரப்பட வேண்டாம். உங்கள் லொறியே உடைந்து நின்றால் முக்கோணப் பலகையை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். அது இல்லாவிட்டால் நம் ஆட்கள் செய்கிற மாதிரி பூவரசங்குழையோ வேப்பங்குழையோ முறித்துப் போடுங்கள், ஒரு கட்டு போதாது, இடைவெளி விட்டு மூன்று கட்டு. திருத்தி முடித்துப் புறப்படும்போது குழையை எடுத்து ஓரத்தில் எறியுங்கள். சில்லுக்கு முட்டுக் கொடுத்த கல்லையும் எடுத்துவிட்டுப் போங்கள். விடியப்புறம் மூன்று மணிக்கு மீன் எடுக்க மோட்டார் சைக்கிளில் வருகிறவருக்கு அந்தக் கல் தெரியாது.